லாகோஸ் – சென்னை: பத்து மணி நேரம்னு போட்டிருக்கானே!

ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் பழைய அலுவலகத்தின் வாட்ஸப் குழுவிலிருந்து இன்னும் யாரும் என்னை நீக்கவில்லை, நானும் விலகவில்லை. போன வாரம் அதில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஒரு கேள்வி போட்டிருந்தாள்.

"செல்வி மேடம், இப்போல்லாம் ரெண்டு ஏர்போர்ட் பேரைப் போட்டா எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்னு வெப்சைட்டே சொல்லிடுது. அப்போ நீங்கல்லாம் இத்தனை வருஷமா ஆபீஸ்ல என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை. அதற்குக் கீழே வரிசையாக இன்னும் பல பேர் சிரித்திருந்தார்கள். என்னிடம் வேலை கற்றவர்களும் அதில் உண்டு.

எனக்குக் கோபம் வரவில்லை. என் அம்மாவுக்கே நான் என்ன வேலை பார்த்தேன் என்பது கடைசிவரை புரிந்ததில்லை. சைதாப்பேட்டையில் ஆற்றோரம் நாங்கள் குடியிருந்த தெரு முழுக்க, "எம்பொண்ணு பிளேன் ஓட்டிக்கினு கீது" என்று சொல்லி வைத்திருந்தாள். நான் தினமும் காலையில் டிபன் டப்பாவோடு தரமணி பஸ்ஸில் ஏறுவதை அந்தத் தெரு முழுக்கப் பார்த்தும் நம்பியது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் துபாய்க்கு டிக்கெட் குறைத்து வாங்கித் தரச் சொன்னார். என்னால் முடியாது, நான் டிக்கெட் விற்பதில்லை என்றேன். "இன்னாமே இது, பிளேனையே ஓட்றே, ஒரு டிக்கெட் வாங்க முடியாதா உன்னால?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் மிச்சம்.

உண்மையில் நான் பார்த்த வேலைக்கு டிஸ்பாட்சர் என்று பெயர். விமானி மேலே பறப்பார். எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு உயரத்தில் பறக்க வேண்டும், எவ்வளவு எரிபொருள் நிரப்ப வேண்டும், வழியில் எங்கே இறங்கலாம், இறங்கும் ஊரில் மழை பெய்தால் வேறு எங்கே போவது, இதையெல்லாம் கீழே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுப்பவர் டிஸ்பாட்சர். எங்கள் நிறுவனம் தரமணியில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் ஐந்தாவது மாடியில் இருந்தது. உலகத்தில் எங்கெங்கோ பறக்கும் தனியார் விமானங்களுக்கு நாங்கள் அங்கிருந்து வழி போட்டுக் கொடுத்தோம். ஜன்னலுக்கு வெளியே பறக்கும் ரயில் தெரியும். பேரில்தான் பறக்கும் ரயில். நாங்கள் பறக்கவிட்டதெல்லாம் அந்த ஜன்னலிலிருந்து தெரியாது.

கல்லூரியில் புவியியல் படித்தேன். மீனம்பாக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போனேன். அங்கே இருந்தபடியே டிஸ்பாட்சர் பரீட்சை எழுதி, ஒரு முறை தோற்று, மறுமுறை தேறி, தரமணிக்கு வந்து சேர்ந்தேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நான் கற்றதெல்லாம் தேவசகாயம் சாரிடம்தான்.

தேவசகாயம் சார் சாந்தோம்காரர். ராணுவ விமானங்களில் வழி பார்ப்பவராக இருந்து வந்தவர். நடப்பதென்றால் அவருக்கு ஓடுவது. கேன்டீனுக்கு அவரோடு போனால் நாம் போய்ச் சேருவதற்குள் அவர் பாதிக் காபியைக் குடித்திருப்பார். "சுமார்" என்ற சொல் அவருக்கு ஆகாது. யாராவது "சுமார் ஏழு மணி நேரம் சார்" என்றால், "சுமாரா பெட்ரோல் போட்டு, சுமாரா ரன்வேயில இறக்கிடலாமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். கத்த மாட்டார். கத்தியிருந்தால் தேவலை என்றிருக்கும்.

நான் சேர்ந்த முதல் கோடையில் அவர் ஒரு முழு தர்ப்பூசணியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஸ்கெட்ச் பேனாவால் அதன்மேல் இரண்டு புள்ளி. ஒன்று டெல்லி, ஒன்று சிகாகோ. "கிட்டத்து வழியைக் காட்டும்மா" என்று கையில் ஒரு நூலைக் கொடுத்தார். நான் வரைபடத்தில் பார்த்த பழக்கத்தில் நூலைப் பக்கவாட்டில், ஐரோப்பா வழியாக இழுத்துப் பிடித்தேன். அவர் நூலின் இரண்டு முனைகளையும் விடாமல் நடுப்பகுதியைக் காம்புப் பக்கம் தள்ளினார். நூல் தொளதொளவென்று மிஞ்சியது. வட துருவத்தை ஒட்டிப் போகும் வழிதான் கிட்டம். "பேப்பர்ல கோடு போடுற வரைக்கும் உலகம் தட்டைன்னுதான் எல்லாருக்கும் நெனப்பு" என்றார். பிறகு கத்தியை எடுத்து உலகத்தைத் துண்டு போட்டு எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கு வந்தது ஆஸ்திரேலியா, விதை அதிகம்.

தூரம் இப்படி என்றால் நேரம் இன்னும் மோசம். தூரத்துக்குப் பூமி ஒன்றுதான் பொறுப்பு. நேரத்துக்குக் காற்றும் சேர்ந்துகொள்ளும். தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் தன் குடும்பத்தை லண்டனுக்குத் தனி விமானத்தில் அழைத்துப் போய் வந்தார். போகும்போது ஆன நேரத்தைவிட வரும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவாக ஆகியிருந்தது. மனிதர் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"வர்றப்போ இவ்ளோ சீக்கிரம் வந்துட்டோமே, அப்போ போறப்போ சுத்திதானே கூட்டிட்டுப் போயிருக்கீங்க? ஆட்டோக்காரன் பாண்டி பஜாரைச் சுத்துற மாதிரி."

மேற்கே போகும்போது எதிர்க்காற்று, கிழக்கே வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும் என்று நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "சரிம்மா. அடுத்த தடவை போறப்பவும் பின்னாடி காத்து இருக்கிற மாதிரி போட்டுக் குடுங்க" என்றார். ஒரு புடவையின் கரையை மாற்றிக் கேட்பது போலத்தான் கேட்டார்.

தேவசகாயம் சாரின் வழிமுறை ஒன்று எங்கள் அலுவலகத்தில் எல்லாரையும் நெளிய வைக்கும். கணினி வழியைப் போட்டுக் கொடுத்துவிடும். எரிபொருள், காற்று, உயரம் எல்லாக் கட்டங்களும் பச்சையாகிவிடும். ஆனாலும் விமானிக்கு அனுப்புவதற்கு முன்னால் அதை அவர் எதிரில் உட்கார்ந்து வாய்விட்டு வாசிக்க வேண்டும். புறப்படும் விமான நிலையம், அது கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி, ஓடுபாதை எவ்வளவு நீளம், வழியில் எந்தெந்த நாடு, யாருடைய அனுமதி கையில் இருக்கிறது, இறங்கும் நிலையம், அது எத்தனை அடி, எல்லாவற்றையும். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கச்சேரி கேட்பவர் போலக் கேட்பார். தப்பு வரும் இடத்தில் ஒரு கண் மட்டும் திறக்கும். "கண்ணு பழகினதைப் பார்க்காது. காது பழகினாலும் கேட்கும்" என்பார். புதிதாக வந்தவர்கள் இதற்குச் சுப்ரபாதம் என்று பேர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும்.

இனி, சாம்பசிவத்தின் பயணம்.

சாம்பசிவம் மயிலாப்பூர்க்காரர். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், லாகோஸ் நகரத்தில் ஒரு நிறுவனத்தில் கணக்கு அதிகாரி. மாடிப்படியில் விழுந்து மண்டையில் அடி. அங்கே உடனே அறுவைச் சிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் எலும்பில் ஒரு விரிசல் மூடாமல் இருந்தது. அதன் வழியாக மூளையைச் சுற்றியிருக்கும் நீர் கசிந்துகொண்டிருந்தது, மண்டைக்குள் கொஞ்சம் காற்றும் புகுந்திருந்தது. தொற்று வருவதற்குள் அதை அடைத்தாக வேண்டும். சென்னையில் ஒரு மருத்துவமனை தயாராக இருந்தது. அவருடைய நிறுவனம் நீண்ட தூரம் பறக்கும் சிறிய விமானம் ஒன்றை, டாக்டர், நர்ஸோடு ஏற்பாடு செய்துவிட்டது. மனைவி ஜானகியும் கூட வருவார். வழி போடும் வேலை எங்களுக்கு வந்தது.

அந்த விமானம் லாகோஸிலிருந்து சென்னைக்கு எங்கும் நிற்காமலே வரக்கூடியது. எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, பத்து மணி நேரம். ஆனால் டாக்டர் ஒரு நிபந்தனை எழுதியிருந்தார். பறக்கும்போது விமானத்துக்குள்ளே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும். சாதாரணமாக அப்படி இருக்காது. விமானம் உயரே போகப் போக, உள்ளே இருப்பவர்களும் ஒரு மலை ஊரில் உட்கார்ந்திருப்பது போன்ற அழுத்தத்துக்கு வந்துவிடுவார்கள். நமக்குக் காது அடைப்பதோடு சரி. மண்டைக்குள் காற்று சிக்கியிருப்பவருக்கு அந்தக் காற்று விரியும். மூளையை நெருக்கும்.

உள்ளே கடல் மட்ட அழுத்தம் வேண்டுமென்றால் விமானம் தாழ்ந்து பறக்க வேண்டும். தாழ்ந்து பறந்தால் வேகம் குறையும், எரிபொருள் அதிகம் குடிக்கும். அதனால் நடுவில் ஓரிடத்தில் இறங்கி நிரப்ப வேண்டும். செங்கடல் வாய்ப்பக்கம் ஒரு கடலோர ஊரைப் போட்டேன். மொத்தம் பதினான்கு மணி நேரம் வந்தது. சார் கண்ணை மூடிக் கேட்டார். இரண்டு கண்ணும் மூடியே இருந்தன. அனுப்பினோம்.

இந்தச் சமயத்தில்தான் ராமதுரை மாமா எங்கள் வாழ்க்கையில் நுழைந்தார்.

அவர் ஜானகியின் அண்ணன், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கம் வீடு. சென்னையில் குடும்பத்தின் தொடர்புக்கு அவர் எண்தான் கொடுக்கப்பட்டிருந்தது. வாடிக்கையாளர்கள் எங்கள் பகுதிக்கு நேராகப் பேசக்கூடாது என்பது சாரின் சட்டம். கீழே வாடிக்கையாளர் பிரிவில் இருந்த பெண் அந்தச் சட்டத்தை ஒரு காலைப்பொழுது முழுக்கக் காப்பாற்றினாள். பிறகு அழாக்குறையாக என்னிடம் இணைப்பைக் கொடுத்துவிட்டாள்.

"அம்மா, நான் லாகோஸ்னும் சென்னைன்னும் போட்டுப் பாத்துண்டே இருக்கேன். பத்து மணி நேரம்னு போட்டிருக்கானே! நீங்க பதினாலுங்கறேளே?"

"மாமா, அது சாதாரண விமானத்துக்கு..."

"நாலு வெப்சைட்ல பாத்தேன். ஒருத்தன் ஒன்பதே முக்கால்ங்கறான்."

விளக்கினேன். ஊட்டிக்குக் காரில் போகும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பார்த்திருந்தார். உயரம் போனால் உள்ளே இருக்கும் காற்று அப்படித்தான் விரியும், உங்கள் மாப்பிள்ளை தலைக்கும் அதுதான் ஆபத்து, அதனால்தான் தாழ்ந்து மெதுவாக வருகிறோம் என்றேன்.

"புரியறது. ஜாக்கிரதையா அழைச்சிண்டு வாங்கோ" என்று வைத்துவிட்டார். கால் மணி நேரத்தில் மறுபடி மணி அடித்தது. "இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னொரு வெப்சைட் பாத்தேன். அவனும் பத்துங்கறான்."

புறப்படும் நாள் வந்தது. இங்கே நண்பகல், அங்கே காலை. லாகோஸில் ஆம்புலன்ஸ் மருத்துவமனையை விட்டுக் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்தது. அடுத்த செய்தி, நாங்கள் நிற்கப்போகும் கடலோர ஊரிலிருந்து. யாரோ பெரிய மனிதர் வருகிறாராம். நாங்கள் இறங்க வேண்டிய நேரத்தில் விமான நிலையத்தைச் சில மணி நேரம் மூடுகிறார்களாம்.

தேவசகாயம் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஒரே பார்வை. "அடிஸ் அபாபா போடுங்க. பெரிய ஏர்போர்ட், நல்ல ரன்வே, எந்நேரமும் பெட்ரோல் கிடைக்கும். நேர் வழியில இருக்கு." போட்டேன். எல்லாக் கட்டங்களும் பச்சை. எத்தியோப்பிய அனுமதிக்கு அவரே போன் செய்தார். நோயாளி வரும் விமானம் என்றதும் உடனே கொடுத்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் சாலையில் வந்துகொண்டிருக்கிறது, நேரம் போகிறது, டாக்டர் இரண்டு முறை கேட்டுவிட்டார். "அனுப்புங்க" என்றார் சார். அன்றைக்கு மட்டும் வாசிக்கச் சொல்லவில்லை. திட்டத்தை அனுப்பினேன். விமானியின் ஒப்புதல் வர வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

நிற்கும் ஊர் மாறினால் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். ராமதுரை மாமாவைக் கூப்பிட்டேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்தார்.

"அடிஸ் அபாபாவா? இருங்கோ, போட்டுப் பாக்கறேன்." விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. எனக்கு ஆயிரம் வேலை. ஆனாலும் காத்திருந்தேன். "லாகோஸ்லேந்து அஞ்சு மணி நேரத்துக்கும் குறைச்சலா போட்டிருக்கான். சரி, நீங்க ஆறும்பேள். ஏம்மா, இன்னொண்ணு. அந்த ஊர் மலை மேலன்னா இருக்கு? ஊட்டியை விட உசரம்னு போட்டிருக்கான். ஜானா பருத்திப் புடவையோட வரா. அங்க எறங்கறச்சே அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் கெடைக்குமோ?"

நான் திரையில் இருந்த பச்சைக் கட்டங்களைத் திரும்பப் பார்த்தேன்.

"என்னம்மா, லைன் கட் ஆயிடுத்தா?"

கட்டாகவில்லை. விமானம் பறக்கும்போது உள்ளே எந்த அழுத்தத்தையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தரையில் இறங்கியபின் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றுதான். ஊட்டியை விட உயரமான ஊரில் இறக்கினால், ஆறு மணி நேரம் தாழப் பறந்து காப்பாற்றிய தலையை நாமே மலை உச்சியில் கொண்டுபோய் வைத்தது போல. இறங்கும் சமயத்தில் டாக்டர் கண்டுபிடித்திருப்பார். ஆனால் அப்போது வேறு ஊர் தேட விமானத்தில் எரிபொருள் இருந்திருக்குமா என்பதை இன்றுவரை நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

"மாமா, நான் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டு எழுந்தேன். சாரின் மேசை பத்தடி தூரத்தில் இருந்தது. அவர் தப்பு செய்துவிட்டார் என்று அவரிடம் யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

"சார், அடிஸ் அபாபா எத்தனை அடி?"

"ஏழாயிரத்து அறுநூறு" என்றார் நிமிராமலே. சொல்லி முடித்ததும்தான் நிமிர்ந்தார். எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் அவருக்கு அந்த எண் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டதுதான் அவர் முகத்தை வாட வைத்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எழுந்து விமானிக்குப் போன் போட்டார். "கேப்டன், அந்தப் பிளானைக் கிழிச்சுப் போடுங்க. என் தப்பு. புதுசு வரும் வரைக்கும் நகராதீங்க. பேஷன்டை விமானத்துக்குள்ள ஏத்தி வசதியா வைங்க" என்றார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. பிறகு என்னிடம், "யாரு பிடிச்சது?"

"மயிலாப்பூர் மாமா, சார். தங்கச்சிக்கு ஸ்வெட்டர் கேட்டார்."

அவர் சிரிக்கவில்லை. என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் தேடினோம். ஒரே நிறுத்தத்தில் முடியும் ஆசையை விட்டோம். தெற்கே இறங்கி, கென்யாவின் கடற்கரையில் மொம்பாசா. அங்கிருந்து கடல்மேலே மாலத்தீவு. அங்கிருந்து சென்னை. எல்லாம் கடலோரம், ஏறவும் இறங்கவும் மேடு இல்லை. சுற்றுதான். ஜவுளிக்கடைக்காரர் பார்த்திருந்தால் உடனே பாண்டி பஜாரை இழுத்திருப்பார். புதிய நாடுகளின் அனுமதிக்குச் சார் ஒவ்வொரு போனாக எடுத்தார். சிலர் கெஞ்சலுக்கு மசிந்தார்கள், சிலர் காத்திருக்கச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் விமானம் லாகோஸில் நின்ற இடத்திலேயே நின்றது.

கடைசி அனுமதி வந்ததும் அவர், "அவருக்குப் போன் போடுங்க" என்றார்.

"யாருக்கு சார்?"

"ஸ்வெட்டர்காரருக்கு. ஸ்பீக்கர்ல போடுங்க."

மாமா எடுத்தார். "வணக்கம் சார், நான் தேவசகாயம், இங்க ஹெட்" என்று இவர் ஆரம்பித்ததுமே அவர் பதறிவிட்டார்.

"மன்னிச்சுக்கோங்கோ சார். அடிக்கடி போன் பண்ணித் தொந்தரவு பண்ணிட்டேன். அந்தக் கொழந்தையத் திட்டிடாதேங்கோ. இனிமே பண்ணவே மாட்டேன்."

"பண்ணுங்க சார்" என்றார் தேவசகாயம் சார். "எப்ப வேணும்னாலும் பண்ணுங்க. நாங்க ஒரு தப்பு பண்ண இருந்தோம், நீங்க நிறுத்திட்டீங்க. இப்போ புதுத் திட்டத்தை இவங்க வாய்விட்டு வாசிப்பாங்க. நீங்களும் கேளுங்க. எங்க சந்தேகம் வந்தாலும் நிறுத்துங்க."

நான் வாசித்தேன். சார் கண்ணை மூடிக்கொண்டார். "மொம்பாசா. கடல் மட்டத்திலிருந்து இருநூறு அடி" என்றேன்.

"அங்க ஸ்வெட்டர் வேண்டாமே?"

"வேண்டாம் மாமா. விசிறிதான் வேணும்."

"மேல படிங்கோ."

"மாலத்தீவு. கடல் மட்டத்திலிருந்து ஆறு அடி."

"ஆறடியா? அலை கிலை வந்துடாதே?"

தேவசகாயம் சாரின் ஒரு கண் திறந்தது. அது சிரித்துக்கொண்டிருந்தது. அந்த அலுவலகத்தில் நான் அதைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மொத்தம் பதினாறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் என்று முடித்தேன். மாமா பெருமூச்சு விட்டார். "ஆகட்டும். வந்து சேர்ந்தாப் போறும். வெப்சைட்டை மூடிட்டேன்" என்றார். மூடியிருக்க மாட்டார் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

மறுநாள் காலை நான் பணிக்கு வந்து சேர்ந்தபோது விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கி ஆம்புலன்ஸும் மருத்துவமனைக்குப் போய்விட்டிருந்தது. அந்த வாரமே அறுவைச் சிகிச்சை நடந்தது. விரிசலை அடைத்துவிட்டார்கள். அதன் பிறகும் மாமா பேசினார், நாளுக்கொரு முறை. இன்று கண் திறந்தார், இன்று கஞ்சி குடித்தார், இன்று என் பெயரைச் சரியாகச் சொன்னார். தேவசகாயம் சார் தினமும் சாயங்காலம் என் மேசைப் பக்கம் வந்து, "கச்சேரி ரோட்லேருந்து ஏதாவது?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

சில மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனோம். மாமாவை அன்றுதான் நேரில் பார்த்தேன். போனில் கேட்ட குரலுக்கு நான் உயரமான, ஒல்லியான மனிதரை நினைத்து வைத்திருந்தேன். குள்ளமாக, உருண்டையாக, வேட்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு, எல்லார் இலையிலும் இரண்டாவது முறை பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சாம்பசிவம் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்பூனால் இடக்கையில் சாப்பிட்டார். வலக்கை மடியிலேயே கிடந்தது. பேச்சு வந்துவிட்டது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் யோசித்து யோசித்து வந்தது. "எனக்கு... ஒண்ணுமே ஞாபகம் இல்ல. நன்னா... தூங்கிண்டு வந்தேனாம்" என்றார்.

"நீங்க தூங்கினேள்" என்றார் ஜானகி. "இந்த அண்ணா பத்து மணி நேரம்னு சொன்னதுல நான் பத்து மணி நேரத்துக்குத்தான் தைரியத்தை வெச்சுண்டு ஏறினேன். மாலத்தீவு வரச்சயே அது தீந்துபோச்சு."

"அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார் தேவசகாயம் சார்.

"அந்த நர்ஸ் பொண்ணு பக்கத்துல உக்காந்துண்டு, ஏதாவது பேசுங்கோன்னுது. எங்க கல்யாணத்தைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சேன். மெட்ராஸ்ல எறங்கறச்சே இன்னும் மாப்பிள்ளை அழைப்பே முடியல."

மாமா சிரித்தார். சாம்பசிவமும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

விடைபெற்றபோது சாம்பசிவம் எழுந்துகொண்டார். தெருமுனைவரை வருவேன் என்றார். மாமா, வேண்டாம் என்றார். அவர் கேட்கவில்லை. இடக்கையில் கைத்தடி, வலது பக்கம் ஜானகி. வாசலைத் தாண்டியதும் ஜானகி என் காதருகே, "வந்ததுலேந்து கேட்டைத் தாண்டினது இதான் முதல் தடவை" என்றார்.

மெதுவாக நடந்தோம். தேவசகாயம் சார் அப்படி நடந்து நான் பார்த்ததேயில்லை. ஒரு காலை வைத்துவிட்டு அடுத்ததை வைக்க மறந்தவர் போல நடந்தார். ஒரு ஆட்டோ காலியாக வந்து, எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. சார் கை காட்டவில்லை. அது போய்விட்டது. இன்னொன்றும் அப்படியே வந்து போனது. அதை அவர் பார்த்தார், நானும் அவர் பார்ப்பதைப் பார்த்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெருமுனை வந்தது. அதையும் தாண்டி நான்கு வீடு போனோம்.

மூன்றாவது ஆட்டோ வந்தபோது சாம்பசிவம் நின்றார். ஜானகியின் பிடியிலிருந்து வலக்கை மெல்ல நழுவி வெளியே வந்தது. இடுப்பு உயரத்துக்கு எழும்பியது, அதற்குமேல் போகவில்லை, அங்கேயே நின்று ஆடியது. ஆட்டோ எங்களைத் தாண்டிப் போய், நின்று, பின்னோக்கி வந்தது. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா பெர்சு, நிறுத்தச் சொன்னியா, போவச் சொன்னியா?"

சாம்பசிவம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆட்டோக்காரரைப் பார்த்தார்.

"நிறுத்தத்... தான்பா" என்றார்.